குடும்பப் பெயர் கட்டாயம்!

புதுச்சேரிக்காரரை ஒரு மென்பொருளுக்குள் எழுதிவைப்பது எப்படி?

1881 செப்டம்பர் 21. பிரெஞ்சு இந்தியாவுக்காக ஓர் அரசாணை பிறந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஊர்களில் இருந்த இந்தியர் எவரும், எந்தச் சாதியாக, எந்த மதமாக இருந்தாலும், தம் சமூகத்தின் தனிச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம் என்றது அந்த ஆணை. கல்யாணம், வாரிசு, சொத்து எல்லாம் அதன்பின் பிரெஞ்சுக்காரருக்கு உள்ளபடிதான். ஒருமுறை கைவிட்டால் திரும்பிப் போக முடியாது. கணவர் கையெழுத்துப் போட்டால் அது மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். இப்படிக் கைவிட்டவர்களை ரெனோன்சான் என்று அழைத்தார்கள்.

கையெழுத்துப் போட வந்தவர்களிடம் பதிவேடு புதிதாக ஒன்றைக் கேட்டது. ‘உங்கள் குடும்பப் பெயர் என்ன?’

தமிழரிடம் அப்படி ஒன்று இல்லை. தன் பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, பலருக்குப் பெயரின் வாலில் சாதிப் பட்டம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஒரு பெயர் இல்லை. எனவே, ஒவ்வொருவரும் அங்கேயே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள், சிலர் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். தனிச் சட்டத்தைக் கைவிடும் இந்த இயக்கத்தின் தலைவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியர்போல் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, அதை எதிர்த்து பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியவர் அவர். பதிவேட்டில் அவர் பொன்னுத்தம்பி லப்போர்த் ஆனார். ‘பிள்ளை’ போயிற்று. சாதியைச் சொல்லாத ஒரு பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. பட்டம் இருந்தவருக்கு அது ஒரு துறவு என்றால், பட்டமே மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு விடுதலை. ரெனோன்சான்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் பெருவாரியாக இருந்தது தற்செயல் இல்லை.

மனிதரைப் பற்றிய பதிவில் ஒரு கட்டத்தைக் கூட்டுவது எத்தனை பெரிய காரியம் என்று புரிந்துகொள்ள இந்தியாவில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இன்று அந்தக் காரியம் பத்து நொடியில் நடக்கிறது. விருந்தினர் இல்லம், ஜவுளிக்கடை, மனை விற்பவர், டியூஷன் சென்டர், டிராவல்ஸ் என்று வாடிக்கையாளர் பட்டியல் வைத்திருக்கும் எல்லோருமே எக்ஸெல்லில் இருந்து சி.ஆர்.எம். எனப்படும் வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளுக்கு நகர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. அதில் ‘கஸ்டம் ஃபீல்டு’ என்று ஒரு வசதி உண்டு. மென்பொருள் தரும் கட்டங்கள் போதாவிட்டால், நாமே புதுக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். சுட்டியால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதை யோசித்துச் செய்கிறோமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கட்டாயம் என்னும் சிவப்பு நட்சத்திரம்

சி.ஆர்.எம். விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஜோஹோ நம் பக்கத்து நிறுவனம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2005-ல் சி.ஆர்.எம். வெளியிட்டு, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறியது. தலைமையகம் சென்னைக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில், கூடுவாஞ்சேரிப் பக்கம். இந்த இரண்டிலும் புதிதாக ஒருவரின் தொடர்பு விவரத்தைப் பதிவு செய்யப் போனால், முதலில் எதிர்ப்படுவது ஒன்றே: ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். ‘ஃபர்ஸ்ட் நேம்’ இல்லாமலும் பதிவைச் சேமிக்கலாம். குடும்பப் பெயர் இல்லாமல் முடியாது. உலகச் சந்தைக்காக எழுதப்படும் மென்பொருள் மேற்கின் பெயர் வழக்கத்தை அச்சாக வைத்துக்கொண்டது. தமிழர் எழுதிய மென்பொருளும் தமிழரிடம் 1881-ன் கேள்வியையே கேட்கிறது.

நம் அலுவலகங்களில் இதற்கு என்ன பதில் எழுதுகிறார்கள்? சு.முருகன் என்று ஒரு வாடிக்கையாளர் என்று வையுங்கள், சுப்ரமணியனின் மகன். ஓர் ஊழியர் லாஸ்ட் நேம் கட்டத்தில் ‘சு’ என்று ஓர் எழுத்தைப் போடுவார். இன்னொருவர் முருகனையே இரண்டு கட்டத்திலும் போடுவார். மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். நான்காமவர் ஆதாரைப் பார்த்து சுப்ரமணியன் என்று எழுதுவார். ஆறு மாதம் கழித்துத் தீபாவளித் தள்ளுபடிக் கடிதம் தானாகப் போகும். ‘அன்புள்ள’ என்பதற்குப் பின் லாஸ்ட் நேமை எடுத்துப் போடும்படி அமைத்திருப்பார்கள். முருகனுக்கு வரும் கடிதம் ‘அன்புள்ள சுப்ரமணியன்’ என்று தொடங்கும். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கலாம். அந்த வீட்டில் அந்தக் கடிதம் எப்படிப் படிக்கப்படும் என்பதை அனுப்பிய கடைக்காரர் அறியவே மாட்டார்.

பெண்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் பலருக்குக் கணவர் பெயரின் முதலெழுத்து. மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். பழைய பில் ஒருத்தியிடம், புதுப் பில் இன்னொருத்தியிடம்.

இதெல்லாம் கடை விவகாரம், கடவுச்சீட்டில் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2022 நவம்பரில் நடந்தது நினைவிருக்கும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அதிகம் அடிபட்டவர்கள் தென்னிந்தியர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்ததற்காக விமான நிலையத்தில் நின்றார்கள்.

புதுச்சேரிக்கு இதற்கு மேலும் ஒரு முடிச்சு இருக்கிறது. முத்து என்ற பெயரை ஆங்கில வழியில் எம், யூ, டி, ஹெச், யூ என்று எழுதுவோம். பிரெஞ்சு வழியில் படித்த குமாஸ்தா எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என்று எழுதினார். ராமசாமியில் வரும் ‘ச’வுக்கு அவர்கள் இரண்டு எஸ் போட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் தம்பி இந்திய ஆதாரும் வைத்திருந்தால் ஒரே அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும். பதிவுகளில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று தேடித் தரும் வசதி எழுத்துக் கூட்டலை நம்பியே இயங்குகிறது. இங்கே அது தோற்றுப்போகும்.

இதற்கு நான் சொல்லும் வழி நான்கு கட்டங்கள்: அழைக்கும் பெயர், ஆவணத்தில் உள்ள முழுப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிரெஞ்சு ஆவணத்தில் உள்ள பெயர். கடைசி இரண்டும் தேவைப்படுவோருக்கு மட்டும். கட்டாயமான லாஸ்ட் நேம் கட்டத்தில் அழைக்கும் பெயரையே போட வேண்டும் என்று அலுவலகம் முழுக்க ஒரே விதி வைத்துக்கொள்ளலாம். கடிதம் எதுவானாலும் அழைக்கும் பெயரில் இருந்து மட்டுமே தொடங்கட்டும். அந்தப் பெயரை வாடிக்கையாளரிடமே கேளுங்கள். ‘உங்களை எப்படிக் கூப்பிடலாம்?’ என்று கேட்டால் வருத்தப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை. லாஸ்ட் நேமை நிரப்புவதற்காக ஊழியர் தாமாகவே ஒரு சாதிப் பட்டத்தை எழுதிவைப்பதை மட்டும் எந்த அலுவலகமும் அனுமதிக்கக் கூடாது. 1881 ஆணையின் கீழ் இந்த ஊர் மக்களில் பலர் தங்கள் பெயரில் இருந்து எதை விலக்கினார்களோ, அதைக் கணினியில் திரும்ப ஒட்டும் வேலை அது.

34-ஆ, 33-ஆ?

பெயரைத் தாண்டினால் ஊர். எல்லா மென்பொருளிலும் மாநிலம் என்று ஒரு கட்டம் உண்டு. சில பட்டியல்களில் ‘பாண்டிச்சேரி’ இருக்கும், சிலவற்றில் ‘புதுச்சேரி’. 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரிதான் சட்டப்படியான பெயர். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தால், மாத முடிவில் எடுக்கும் அறிக்கையில் வாடிக்கையாளர்கள் இரண்டு மாநிலத்துக்காரர்களாகப் பிரிந்து நிற்பார்கள். முதல் வேலையாக இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

பெரிய சிக்கல் எல்லையில் இருக்கிறது. இந்த ஊரின் எல்லை நேர்க்கோடு இல்லை. தமிழ்நாடும் புதுச்சேரியும் வயலுக்கு வயல், தெருவுக்குத் தெரு மாறி மாறிக் கிடக்கின்றன. கோட்டக்குப்பம் ஊரை ஒட்டியே இருக்கிறது. அது விழுப்புரம் மாவட்டம். அதன் பின்கோடு 605104. ஆரோவில் 605101, அதிலும் பெரும்பகுதி தமிழ்நாடு. நகரத்தின் மையம் 605001. மூன்றும் 605-ல் தொடங்குவதால், பின்கோடைப் பார்த்து மாநிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மறுபக்கம், காரைக்கால் 609602, கேரளக் கரையில் உள்ள மாஹே 673310, கோதாவரிக் கரையில் உள்ள ஏனாம் 533464. இவை அனைத்தும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வண்டி எண் பலகையில் மட்டும் இந்த ஒழுங்கு சரியாகத் தெரிகிறது: பி.ஒய்.01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம்.

ஜி.எஸ்.டி.யில் புதுச்சேரியின் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. நேரு வீதிக் கடை காரைக்காலுக்குச் சரக்கு அனுப்பினால், நடுவே தமிழ்நாடு கிடந்தாலும், அது உள்வணிகம். மத்திய வரியும் மாநில வரியும் பாதிப் பாதி. கோட்டக்குப்பத்துக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டிய வணிகம், ஒருங்கிணைந்த வரி. 2023 அக்டோபர் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குப் பொருள் விற்கும்போது, பில்லில் அவர் முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரி எந்த மாநிலமோ அதுவே வரிக்கான இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகக் கொள்ளலாம் என்றும் சட்டம் விளக்குகிறது. ஒரு கட்டத்தில் உள்ள ஒரு சொல், வரி எந்த அரசுக்குப் போகும் என்று தீர்மானிக்கிறது. பில் போடும் மென்பொருள் அந்தச் சொல்லைத் தொடர்பு விவரத்தில் இருந்தே எடுக்கிறது.

ஆகவே, புதுச்சேரி வணிகருக்கு ‘வரி மாநிலம்’ என்று ஒரு கட்டம் தேவை. பின்கோடில் இருந்து தானாக நிரம்பாமல், கேட்டு நிரப்பும் கட்டம். அதன் பக்கத்தில் ‘பகுதி’ என்று நான்கே தேர்வு கொண்ட இன்னொன்று.

எந்தக் கட்டம், எந்த வகை

பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-ல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். யார் எப்போது வந்தார், என்ன கொண்டுவந்தார், ஆளுநர் என்ன சொன்னார், கப்பல் எப்போது கரை சேர்ந்தது என்று எல்லாமே அதில் உண்டு. வாசிக்க அதைவிடச் செழுமையான பதிவு வேறில்லை. ஆனால், ‘1745-ல் நமக்குத் துணி தந்த வணிகர்களின் பட்டியல்’ என்று கேட்டால் அது தராது. ஒருவர் உட்கார்ந்து தேடித் தொகுக்க வேண்டும். சி.ஆர்.எம்-மில் ‘நோட்ஸ்’ என்று இருக்கும் பெரிய பெட்டியின் குணமும் இதுவே. நம் ஊழியர்கள் முக்கியமான எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுகிறார்கள். ‘ஜூலையில் வருவார்’, ‘பாஸ்போர்ட் முடியப்போகிறது’, ‘அம்மாவிடம் பேசினால் போதும்’. படிக்கலாம், வடிகட்ட முடியாது.

எதைப் பெட்டியில் விடலாம், எதற்குத் தனிக் கட்டம் போட வேண்டும் என்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. இந்த விவரத்தை வைத்து ஒரு பட்டியல் எடுக்கப்போகிறோமா? இந்த விவரம் வந்தவுடன் மென்பொருள் தானாக ஏதாவது செய்ய வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால் தனிக் கட்டம். இல்லையென்றால் பெட்டியே போதும்.

கட்டம் போடத் தீர்மானித்தால், வகை முக்கியம். ஜோஹோவில் செட்டிங்ஸுக்குள் ‘மாட்யூல்ஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் வகைகள் வரிசையாக இருக்கும்: ஒற்றை வரி எழுத்து, தேதி, எண், தேர்வுப் பட்டியல், ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் பட்டியல், டிக் பெட்டி, வேறு பதிவோடு இணைக்கும் ‘லுக்அப்’. நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ஒற்றை வரி எழுத்தையே இழுத்துவிடுகிறார்கள், அது எதையும் மறுக்காது என்பதால். பிறகு பிரான்ஸ் என்பது ஃபிரான்ஸ், பிரான்சு, எஃப்.ஆர். என்று நான்கு நாடாக மாறும். தேதியை எழுத்தாகப் போட்டால், 03-04 மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. இந்தியரும் பிரெஞ்சுக்காரரும் நாளை முதலில் எழுதுவார்கள், அமெரிக்க அமைப்பில் உள்ள மென்பொருள் மாதத்தை முதலில் படிக்கும். வகையைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் முடியாது. எழுத்தைத் தேதியாக மாற்றும்போது, புரியாத மதிப்புகள் அழிந்துபோகலாம். முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டிக் பெட்டியிலும் கவனம் வேண்டும். டிக் இல்லை என்றால் ‘இல்லை’ என்று பொருளா, ‘கேட்கவில்லை’ என்று பொருளா? மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். விடுதிக்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்வது அதைத்தான். ‘வெளிநாட்டவர்’ என்று ஒரு டிக் பெட்டி வைத்திருக்கும் விருந்தினர் இல்லத்தை எண்ணிப்பாருங்கள். வெள்ளைக்காரர் வந்தால் வரவேற்பாளர் டிக் போடுவார். நெற்றியில் திருநீறும் வாய் நிறையப் புதுச்சேரித் தமிழுமாக வரும் பெரியவருக்குப் போட மாட்டார். அவர் கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டாக இருக்கும்.

1956 மே 28-ல் கையெழுத்தான பிரான்ஸ் இந்தப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்றும் இங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக வாழ்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் எழுதாமல் விட்டவரின் மௌனமும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. காலியான கட்டத்துக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒப்பந்தம் அது. நம் கடைகளின் பதிவுகளில் அதை யாரும் சொல்வதில்லை. எனவே, டிக் பெட்டிக்குப் பதில் ‘கடவுச்சீட்டின் நாடு’ என்று தேர்வுப் பட்டியல் வைக்க வேண்டும். அதில் ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதும் ஒரு தேர்வாக இருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வேறு கேள்வி, வேறு கட்டம். அது குடியுரிமை இல்லை.

இன்னொரு தவறு, கட்டத்தை வைக்கும் இடத்தில் நடக்கிறது. வரும் தேதி, போகும் தேதி, அறை எண் இவற்றையெல்லாம் மனிதரின் பதிவில் வைக்கிறார்கள். அவர் அடுத்த முறை வரும்போது பழைய தேதியின் மேலேயே புதுத் தேதி விழும். முதல் வருகை வரலாற்றில் இருந்தே மறைந்துவிடும். ஒருமுறை நடந்து முடிவது முன்பதிவின் விவரம், அது முன்பதிவுப் பதிவில் இருக்கட்டும். மாறாமல் அல்லது மெதுவாக மாறுவது மட்டுமே மனிதரின் விவரம். பாரீஸ் புறநகரான சார்செலில் ஒரு வீடும் முத்தியால்பேட்டையில் ஒரு வீடும் இருப்பவருக்கு இரண்டு முகவரியும் நிரந்தரம். ‘முகவரி 2’ என்று எழுதினால் எது எது என்று தெரியாது. பிரான்ஸ் முகவரி, புதுச்சேரி முகவரி என்று பெயரிட்டே வைக்கலாம். எந்த மாதம் இங்கே இருப்பார் என்பதும் அப்படியே. பலர் பிரான்ஸில் கோடை விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட்டில் வருகிறார்கள். வீராம்பட்டினம் தேரும் அந்தப் பருவத்தில்தான். மனை விற்பவருக்கும் நகைக்கடைக்காரருக்கும் அந்த ஒரு கட்டம் ஆண்டு முழுக்கத் தொலைபேசியில் அலைவதைத் தவிர்க்கும்.

கேட்கக் கூடாத கேள்வி

எல்லாவற்றையும் பதிவு செய்யும் வசதி வந்துவிட்டதால் எல்லாவற்றையும் கேட்கலாம் என்று ஆகிவிடாது. ரெனோன்சான் கதையின் மறுபாதி இது. குடும்பப் பெயருக்கு என்று வந்த கட்டம் குடும்பப் பெயரோடு நிற்கவில்லை. 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர். சிவில் பதிவில் இருந்த ஒரு குறிப்பு, ஓட்டின் எடையைத் தீர்மானிக்கும் குறிப்பாக மாறியது. பழைய வழக்கத்தைக் காக்க நின்ற சண்முக வேலாயுத முதலியார் தரப்புக்கும் ரெனோன்சான் தரப்புக்கும் நடந்த தேர்தல் மோதல்களில் அந்தப் பட்டியலே ஆயுதம். 1899-ல் பட்டியல்கள் இரண்டாகச் சுருங்க, ரெனோன்சான்களின் தனிப் பட்டியல் போயிற்று. 1881 ஆணையின் கீழ் கையெழுத்திட்ட யாரும் இதற்குச் சம்மதம் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிரான்ஸ் இந்தப் பாடத்தைத் தன் வீட்டில் இன்னும் கடுமையாகப் படித்தது. 1941-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், ரெனே கார்மிய் என்ற அதிகாரி உருவாக்கிய அடையாள எண்ணின் முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அல்ஜீரியாவில் முஸ்லிம்களையும் யூதர்களையும் தனித்துக் காட்ட அதே இடத்தில் வேறு இலக்கங்கள் வந்தன. ஒரே ஓர் இலக்கம். போருக்குப் பின் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. 1974 மார்ச் 21-ல், அந்த எண்ணை வைத்து அரசின் எல்லாக் கோப்புகளையும் இணைக்கும் ‘சஃபாரி’ என்ற திட்டத்தை லெ மோந்த் நாளிதழ் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது எழுந்த கொந்தளிப்பே, 1978 ஜனவரி 6-ல் தனிமனிதத் தரவுச் சட்டமாகவும் அதைக் காக்கும் ஆணையமாகவும் முடிந்தது. இன்று ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகள் மதம், இனம், உடல்நலம், அரசியல் கருத்து போன்றவற்றைத் தனியாக ஒதுக்கி, கேட்பதற்கே கடும் நிபந்தனை வைக்கின்றன. ஐரோப்பாவில் இருப்பவர்களைக் குறிவைத்துச் சேவை விற்கும் புதுச்சேரி விருந்தினர் இல்லத்துக்கும் அந்த விதிகள் நீளும்.

நம் நாட்டில் 2023-ல் எண்மத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சொன்ன காரியத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது சட்டம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வாடிக்கையாளர் விரும்பினால் அறிவிப்பைத் தமிழில் படிக்க வழி செய்ய வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால், ஐரோப்பாபோல் ‘தொடக் கூடாத விவரம்’ என்று ஒரு தனிப் பட்டியலை இந்தச் சட்டம் வைக்கவில்லை. சாதி என்ற கட்டத்தைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அதைத் தடுக்க வேண்டியவர் கடைக்காரர்தான். திருமணத் தகவல் மையத்தினர் அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் சொல்லக்கூடும். துணிக்கடைக்கு, பள்ளி விசாரணைப் படிவத்துக்கு, வீடு வாடகைக்கு விடும் தரகருக்கு எந்தக் காரணமும் இல்லை. சாதி என்று வெளிப்படையாக எழுதாமல் ‘கம்யூனிட்டி’ என்றோ, நோட்ஸில் ‘நம்ம ஆளுங்க’ என்றோ எழுதுவதும் அதே கட்டம்தான்.

கட்டம் போட்டவர், அதை யார் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பெரிய மென்பொருள்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக அனுமதி வைக்கலாம்: மேலாளர் பார்க்கலாம், திருத்தலாம், விற்பனையாளர் பார்க்க மட்டும், மற்றவர் கண்ணிலேயே படாது. கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் எல்லோர் திரையிலும் திறந்து கிடக்கும் அலுவலகங்களே அதிகம். இந்த அனுமதியை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் கட்டத்தை இழுத்துவிட்டதுமே வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

வணிகரை விட்டுவிடுவோம். கஸ்டம் ஃபீல்டு வசதி அதிகம் தேவைப்படுவது இங்குள்ள சங்கங்களுக்கு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் பதக்கங்களோடு நிற்பவர்களில் அவர்கள் உண்டு. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சு ஓய்வூதியர் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கான சான்று அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் பென்ஷன் நிற்கும். எண்பது வயதில், பிரெஞ்சில் வரும் தாளைப் படிக்க ஆளில்லாத வீட்டில், அந்தத் தேதி கைநழுவிப்போவது சுலபம். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பதிவில் ‘சான்று அனுப்ப வேண்டிய மாதம்’ என்று ஒரு கட்டமும், அதற்கு ஒரு மாதம் முன்பே தொண்டருக்குத் தானாகப் போகும் ஒரு நினைவூட்டலும் இருந்தால், யாரும் பென்ஷன் நின்றபிறகு அலைய வேண்டியதில்லை.

இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. சிவி சி.ஆர்.எம். என்று தன்னார்வ அமைப்புகளுக்காகவே எழுதப்பட்ட இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. வேர்ட்பிரஸ், ட்ரூபல் தளங்களோடு ஓடும். கஸ்டம் கட்டங்களைத் தொகுப்புத் தொகுப்பாகப் போட்டு, ‘இந்தத் தொகுப்பு இந்த வகை உறுப்பினருக்கு மட்டும்’ என்று வரையறுக்கலாம். ஓய்வூதியருக்கு ஒரு தொகுப்பு, விதவைகளுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. மாணவரின் திரையில் பென்ஷன் கட்டம் வந்து நிற்காது. உறவுகளையும் இணைக்கலாம்: இவர் இவருடைய மனைவி, இவர் இவருடைய மகன், அவசரத்துக்கு இவரை அழைக்க வேண்டும். பதிவில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று குறிப்பதற்கான இடமும் அதில் முதலில் இருந்தே உண்டு. அந்தக் குறிப்பு விழுந்ததும் அவருக்குப் போகும் வாழ்த்துகளும் சந்தா நினைவூட்டல்களும் நிற்கும்படியும், மனைவியின் பதிவில் அவருக்குச் சேரும் பென்ஷன் பங்குக்கு மனு செய்ய வேண்டும் என்ற வேலை ஒன்று தொண்டரின் பெயரில் உருவாகும்படியும் அமைக்க, கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும்.